பஸ்ஸுக்கு நின்ற நேரம் யார் கணக்கில்?

நமது மேற்பிரிவிலிருந்து டவுன் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பெரியவர்கள் "ஆறு மைல்" என்பார்கள். ஓட்டோ ஓட்டும் தம்பிமார் "இருபத்தஞ்சு நிமிஷம்" என்பார்கள். பஸ் கொண்டக்டர் "முப்பத்தஞ்சு நிமிஷம்" என்பார். மாதம் ஒருமுறை பிரஷர் கிளினிக்குக்குப் போய்வரும் ஓர் அக்காவிடம் கேட்டோம். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஒரு பேரு தூரங்க ஐயா" என்றார். கிளினிக் போகிற நாளில் அன்றைய பேர் போய்விடும். அதைத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

இந்த நாலு பதிலில் அக்கா சொன்னதுதான் மிகச் சரியான அளவு என்று நாங்கள் நினைக்கிறோம். முப்பத்தைந்து நிமிடப் பஸ் பயணம் எப்படி ஒரு நாள் ஆகிறது? இடையில் உள்ள நேரம் எங்கே போகிறது? அந்தக் கணக்கைத்தான் இந்த இதழில் பாடமாகப் பார்க்கப் போகிறோம். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கொப்பியும் பென்சிலும் இருந்தால் இன்னும் நல்லது.

இந்தப் பாடம் எழுதக் காரணம், நாங்களே ஒரு தடவை பிழை விட்டதுதான். காலையில் இன்னொரு பஸ் வேண்டும் என்று மேற்பிரிவு மக்கள் சார்பில் ஒரு மனு தயாரித்தோம். "பஸ் வசதி மிகக் குறைவு, மக்கள் பெரிதும் கஷ்டப்படுகின்றனர்" என்று எழுதி, லயம் லயமாகப் போய்க் கையொப்பம் வாங்கி அனுப்பினோம். பதில் வந்தது. "காலை 6 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் நான்கு சேவைகள் உள்ளன. அதாவது மணிக்கு ஒன்று. ஆகவே ஒரு பயணி சராசரியாக அரை மணித்தியாலமே காத்திருக்க நேரிடும். பயண நேரம் 35 நிமிடம். தற்போதைய சேவை போதுமானது" என்ற கருத்தில் நாலே வரி. நாங்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். கணக்கில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. நான்கு மணித்தியாலம், நான்கு பஸ், மணிக்கு ஒன்று, அதில் பாதி முப்பது. சரியாகத்தானே இருக்கிறது! கடிதத்தை ஃபைலில் போட்டுவிட்டோம். பதில் சொல்லத் தெரியாமல் போட்டுவிட்டோம் என்பதுதான் உண்மை.

பிறகு ஒரு மாதம் நாங்களே காலையில் தரிப்பிடத்தில் போய் நின்றபோதுதான் விஷயம் விளங்கியது. அந்தப் பதிலில் எழுதியிருந்தது பஸ்ஸின் கணக்கு. ஆட்களின் கணக்கு வேறு.

முதலில் வெளிநாட்டில் இதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கொஞ்சம் தெரிந்துகொள்வோம். ஒரு வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வேலைத்தலம் ஆகியவற்றைப் பஸ்ஸிலோ ரயிலிலோ எட்டுவது எவ்வளவு சுலபம் என்று அளப்பது ஒரு தனிப் படிப்பாகவே வளர்ந்திருக்கிறது. லண்டன் மாநகரின் ஹமர்ஸ்மித் – ஃபுல்ஹம் பகுதியில் 1992இல் இதற்கு ஒரு முறை உருவானது. பிறகு லண்டன் முழுவதற்கும் அதையே எடுத்துக்கொண்டார்கள். வீட்டு வாசலிலிருந்து தரிப்பிடம் வரை நடக்கும் நேரம், அதோடு பஸ்ஸுக்கு நிற்கும் நேரம், இரண்டையும் கூட்டுவார்கள். நிற்கும் நேரம் என்பது ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் இடையில் உள்ள நேரத்தில் பாதி. பஸ் கொஞ்சம் முன்பின்னாக வரும் என்பதற்காக அதற்கு மேல் 2 நிமிடம் சேர்ப்பார்கள். நடக்கிற வேகம் நிமிடத்துக்கு 80 மீற்றர். 640 மீற்றருக்கு அப்பால் உள்ள பஸ் தரிப்பிடத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

நமது கடைசி லயத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் கணக்குப்படி பஸ்ஸே கிடையாது! குறுக்குப் பாதையில் இறங்கினாலே இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. நிமிடத்துக்கு 80 மீற்றர் என்பது சமதரையில் வெறுங்கையோடு நடக்கிற ஆளின் வேகம். இடுப்பில் பிள்ளை, கையில் குடை, மழையில் வழுக்கும் படிக்கட்டு, இதற்கெல்லாம் அந்த வேகம் பொருந்தாது. ஆனால் அவர்கள் செய்ததில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. நிற்கிற நேரத்தையும் அவர்கள் கணக்கில் சேர்க்கிறார்கள். நம்முடைய மனுவில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

பன்னிரண்டு பேரின் கணக்கு

இனி நமது தரிப்பிடத்துக்கு வருவோம். எண்கள் புரிவதற்காக எளிமையாக்கிச் சொல்கிறோம். நான்கு பஸ் உண்மைதான். ஆனால் அவை 6, 7, 8, 9 என்று மணிக்கு ஒன்றாக வருவதில்லை. 6.00க்கு ஒன்று, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு 6.10க்கு ஒன்று. பிறகு ஒன்றும் இல்லை. 8.00க்கு ஒன்று, 8.10க்கு ஒன்று. பிறகு 10 மணிக்குத்தான். இடைவெளிகளை எழுதிப் பாருங்கள்: 10 நிமிடம், 110 நிமிடம், 10 நிமிடம், 110 நிமிடம். கூட்டினால் 240. நாலால் வகுத்தால் 60. அலுவலகத்துக் கணக்கு சரி!

இப்போது பஸ்ஸை விட்டுவிட்டு ஆட்களை எண்ணுவோம். 6 மணியிலிருந்து 8 மணி வரை பத்து நிமிடத்துக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேர் தரிப்பிடத்துக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6.00க்கும் 6.10க்கும் இடையில் வந்த ஒருவர் அதிர்ஷ்டசாலி. அவர் சராசரியாக 5 நிமிடம் நிற்பார். மற்றப் பதினொரு பேரும் அந்த 110 நிமிட இடைவெளியில் மாட்டிக்கொள்கிறார்கள். சிலர் நூறு நிமிடத்துக்கு மேல் நிற்பார்கள், சிலர் பத்து நிமிடத்துக்குள் ஏறிவிடுவார்கள். ஆளுக்குச் சராசரி 55 நிமிடம். பதினொன்றை 55ஆல் பெருக்கினால் 605. அதிர்ஷ்டசாலியின் 5ஐச் சேர்த்தால் 610. பன்னிரண்டால் வகுத்தால் 50க்கு மேல், ஏறத்தாழ 51 நிமிடம்.

அவர்கள் சொன்னது 30. நாம் நின்றது 51. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் இடைவெளிகளை எண்ணினார்கள். சின்ன இடைவெளியும் ஒன்று, பெரிய இடைவெளியும் ஒன்று. நாம் ஆட்களை எண்ணினோம். சின்ன இடைவெளிக்குள் ஒருவர்தான் வருகிறார், பெரிய இடைவெளிக்குள் பதினொரு பேர் வருகிறார்கள். எந்த இடைவெளி நீளமோ அதில்தான் கூட்டம் விழும். "நான் போற நாளைக்குத்தான் பஸ் வர்றதில்லை" என்று லயத்தில் எல்லோரும் சொல்வது ராசிக் குறைவால் அல்ல. கணக்கே அப்படித்தான்.

மணிக்கு ஒன்றாக ஒழுங்காக வந்தால் அதே பன்னிரண்டு பேரும் ஆளுக்கு 30 நிமிடம், மொத்தம் 360 நிமிடம் நிற்பார்கள். இப்போது 610. வித்தியாசம் 250 நிமிடம், அதாவது நாலு மணித்தியாலத்துக்கும் மேலே. இதற்குப் புதிதாக ஒரு பஸ்ஸும் வேண்டாம். டீசலும் அதே, சாரதியும் அதே. 6.10 பஸ் 7 மணிக்கும், 8.10 பஸ் 9 மணிக்கும் கிளம்பினால் போதும். நாம் "இன்னொரு பஸ் தாருங்கள்" என்று கேட்டோம். கேட்டிருக்க வேண்டியது "இருக்கிற பஸ்ஸைத் தள்ளி விடுங்கள்" என்பது.

பஸ்கள் ஏன் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன என்று சிலர் கேட்பார்கள். போட்டி ஒரு காரணம்தான். ஆனால் யாரும் போட்டி போடாவிட்டாலும் இது நடக்கும். முன்னால் வருகிற பஸ் கொஞ்சம் பிந்திவிட்டால் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் கூடுதலான ஆட்கள் சேர்ந்திருப்பார்கள். எல்லோரையும் ஏற்றி, பயணப் பையையும் மூட்டையையும் ஏற்றி, சில்லறை கொடுத்து முடிப்பதற்குள் இன்னும் பிந்தும். பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஆட்களே மிச்சம் இருக்க மாட்டார்கள், அது நிற்காமல் ஓடி வந்து முன்னதைப் பிடித்துவிடும். டவுன் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் சரியான நேரத்தில் விட்டிருந்தாலும், மலைப் பாதையில் பாதித் தூரம் வருவதற்குள் இரண்டும் சேர்ந்துவிடலாம். அதனால்தான் புறப்படும் நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது, நமது தரிப்பிடத்துக்கு வந்த நேரத்தைப் பார்க்க வேண்டும் என்கிறோம்.

நேரம் தெரிந்தவர்களுக்கு?

இந்தக் கணக்கைக் கூட்டத்தில் சொன்னபோது ஓர் இளைஞர் எழுந்து நல்ல கேள்வி ஒன்று கேட்டார். "எல்லாருக்கும் பஸ் டைம் தெரியுந்தானே ஐயா? ஆறு பஸ்ஸுக்கு அஞ்சே முக்காலுக்கு வந்து நிப்பாங்க. யாரு 6.11க்கு வந்து எட்டு மணி வரைக்கும் நிக்கப் போறா?"

நியாயமான கேள்வி. அடிக்கடி பஸ் ஓடுகிற பெரிய நகரங்களில்தான் ஆட்கள் நேரம் பாராமல் வந்து நிற்பார்கள். மணிக்கு ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று என்று ஓடுகிற பாதையில் நேரம் பார்த்துத்தான் வருவார்கள். அப்போது தரிப்பிடத்தில் நிற்கிற நேரம் பத்து நிமிடமாகக் குறைந்துவிடும். ஆனால் காத்திருப்பு குறைவதில்லை. இடம் மாறிவிடுகிறது, அவ்வளவுதான்.

கிளினிக் அக்காவின் நாளைப் பாருங்கள். நம்பர் துண்டு 7.30க்குக் கொடுக்கத் தொடங்குகிறார்கள். 8 மணிப் பஸ்ஸில் போனால் ஆஸ்பத்திரி வாசலுக்கு 8.45 ஆகும், துண்டு முடிந்திருக்கும். ஆகவே 6 மணிப் பஸ்ஸில்தான் போக வேண்டும். 6.45க்கே வாசலில் நிற்கிறார். துண்டுக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம். அந்த முக்கால் மணித்தியாலமும் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம்தான். தரிப்பிடத்தில் நிற்பதற்குப் பதிலாக ஆஸ்பத்திரிச் சுவரோரம் நிற்கிறார். நேரத்தோடு எழும்பிச் சமைத்து, பிள்ளையைப் பக்கத்துக் காம்பராவில் விட்டுவிட்டு, இருட்டில் டோர்ச் அடித்துக்கொண்டு இறங்கியதும் அதே கணக்கில் சேரும். போக்குவரத்து ஆய்வாளர்கள் இதற்கு மறைந்த காத்திருப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தரிப்பிடத்தில் யாரும் நிற்கவில்லை என்பதற்காகக் காத்திருப்பே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

கிளம்புகிற நிமிடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொன்று. 6.00க்குத் தரிப்பிடத்தில் இருந்தவர் 6.45க்கு ஆஸ்பத்திரியில். பிள்ளை வாந்தி எடுத்ததால் பதினொரு நிமிடம் பிந்தி 6.11க்கு வந்தவர் 8.45க்கு ஆஸ்பத்திரியில். வீட்டில் பதினொரு நிமிடத் தாமதம், போய்ச் சேர்வதில் இரண்டு மணித்தியாலத் தாமதம். ஆகவே ஏதோ ஒரு நேரத்தைத் தெரிந்தெடுத்து "45 நிமிடத்தில் எட்டலாம்" என்று எழுதினால் அது அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டுமே உண்மை. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டு பல நகரங்களை ஒப்பிட்டபோது, காலை 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் ஒவ்வொரு நிமிடத்திலும் ஒருவர் வீட்டை விட்டுக் கிளம்பினால் எப்படி என்று தனித்தனியாகக் கணக்கிட்டு, அவற்றின் சராசரியை எடுத்தார்கள். நம்மிடம் கணினி வேண்டியதில்லை. மேலே பன்னிரண்டு பேரை வைத்து நாம் செய்தது அதே வேலைதான், அவர்கள் நிமிடத்துக்கு ஒருவர், நாம் பத்து நிமிடத்துக்கு ஒருவர்.

நேரம் தெரிந்தவர்களை மிகவும் கஷ்டப்படுத்துவது பிந்தி வரும் பஸ் என்று நினைக்கிறீர்களா? முந்திப் போகும் பஸ்தான். பத்து நிமிடம் பிந்தினால் பத்து நிமிடம் நிற்போம். ஐந்து நிமிடம் முந்திப் போய்விட்டால், சரியான நேரத்துக்கு வந்த ஆள் அடுத்த பஸ் வரை நிற்க வேண்டும். பத்து நாளில் ஒன்பது நாள் 5 நிமிடம் நின்று, ஒரு நாள் மட்டும் பஸ் முந்திப் போய் 120 நிமிடம் நின்றால் சராசரி என்ன? 45ஐயும் 120ஐயும் கூட்டிப் பத்தால் வகுத்தால் 16½ நிமிடம். அந்தப் பதினாறரை நிமிடம் எந்த நாளிலும் யாரும் நிற்காத நேரம். அந்தப் பத்தாவது நாள் சாதாரண தரப் பரீட்சை நாளாக இருந்தால் சராசரியை வைத்து என்ன செய்வது? ஆகவே பரீட்சை, நேர்முகப் பரீட்சை, ஆஸ்பத்திரியில் தங்க வைக்கத் திகதி கொடுத்த நாள், இவற்றுக்குச் சராசரியைப் பார்க்காதீர்கள். மிக மோசமான நாளைப் பார்த்து, அதற்கு முந்திய பஸ்ஸில் போங்கள். மனு எழுதும்போதும் சராசரியோடு அந்த மோசமான நாளையும் சேர்த்து எழுத வேண்டும்.

திரும்பி வரும் பஸ்

ஆஸ்பத்திரி தூரம் என்று கேட்டால் போகிற தூரத்தை மட்டுமே எல்லோரும் சொல்வார்கள். வர வேண்டாமா?

திரும்பும் வழியில் நேரம் நம் கையில் இல்லை. காலையில் நாமாகப் பார்த்துக் கிளம்பலாம். ஆனால் டாக்டர் எப்போது கூப்பிடுவார், மருந்து எடுக்கும் வரிசை எப்போது முடியும் என்பது யாருக்கும் தெரியாது. அதனால் திரும்பி வரும்போது நாம் எல்லோரும் நேரம் தெரியாமல் வந்து நிற்கும் ஆட்கள்தான். அந்த இளைஞர் கேட்ட கேள்வி காலைக்குப் பொருந்தும், மத்தியானத்துக்குப் பொருந்தாது. பன்னிரண்டரை மணிக்கு மருந்துப் பையோடு பஸ் நிலையத்துக்கு ஓடி வந்தால் பன்னிரண்டேகால் பஸ் போயிருக்கும். அடுத்தது மூன்றரைக்கு. அதற்குள் பசிக்கும், பிள்ளைக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க வேண்டும், மழை வந்தால் ஒதுங்க இடம் வேண்டும். பெண்களுக்குப் போக நல்ல கழிவறை வேண்டும். கடைசியில் பொறுக்க முடியாமல் நாலு பேர் சேர்ந்து ஓட்டோ பிடிக்கிறார்கள். பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்துக்குக் காசு இல்லை என்று யார் சொன்னது?

இரண்டு பஸ் மாறிப் போகிறவர்களுக்கு இதே கதை சந்தியில் ஒருமுறை, டவுனில் ஒருமுறை. கீழ்ப்பிரிவிலிருந்து டவுன் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளில் சிலர் இப்படித்தான் போகிறார்கள். முதல் பஸ் ஐந்து நிமிடம் பிந்தினால் இரண்டாவது பஸ் அந்தப் பக்கம் திரும்பும் வளைவில் தெரியும், கை காட்டினாலும் நிற்காது. மாறும் இடத்தில் நிற்கிற நேரத்தைத் தனியாக எழுத வேண்டும். அது வீட்டுக்குப் பக்கத்தில் நிற்பது போல அல்ல, திரும்பிப் போகவும் முடியாது. பின்னேரம் இருட்டின பிறகு வகுப்பு முடிந்து பெண் பிள்ளைகள் நிற்பதைப் பற்றித் தாய்மாருக்குத் தெரியும், நாங்கள் எழுதத் தேவையில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்து போகும் பத்து நிமிடமும், கூரை இல்லாத தரிப்பிடத்தில் நிற்கும் பத்து நிமிடமும் ஒன்றா? திட்டமிடுகிறவர்களும் ஒன்றல்ல என்றுதான் சொல்கிறார்கள். நிற்கிற நிமிடத்தை ஒன்றரை மடங்காகவோ இரண்டு மடங்காகவோ எண்ணுவது அந்தத் துறையில் வெகுகாலமாக உள்ள வழக்கம். வரும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மனம் பொறுக்கும். வருமா வராதா என்று தெரியாமல் நிற்பதுதான் பாரம். இப்போது கீழ்ப்பிரிவு இளைஞர்கள் "பஸ் பாலத்தைத் தாண்டிருச்சு" என்று மேற்பிரிவுக்கு ஃபோன் பண்ணிச் சொல்வது எங்களுக்குப் பிடித்த ஏற்பாடு. பஸ் ஒரு நிமிடம் கூட முந்தி வரவில்லை, ஆனால் நோயாளி லயத்து வாசலிலேயே உட்கார்ந்திருக்கலாம். மனுவும் வேண்டாம், கையொப்பமும் வேண்டாம்.

இப்போது முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். கடைசி லயத்திலிருந்து தரிப்பிடத்துக்கு 25 நிமிடம். நிற்பது 51. பஸ் 35. டவுனில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு நடக்க 10. கூட்டினால் 121 நிமிடம், இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஒரு நிமிடம். ஒரு வழிக்கு மட்டும். திரும்பும்போது 10, 35, பிறகு ஏற்றத்தில் 40 என்று நிற்காமலே 85. அதற்கு மேல் பஸ் நிலையத்தில் நின்றது, ஆஸ்பத்திரியில் நின்றது. இவை எல்லாம் சேர்ந்து அக்கா சொன்ன ஒரு பேராகிறது. பஸ் ஓடுவது போக வர 70 நிமிடம். அலுவலகக் கடிதத்தில் இருந்தது அதில் பாதி.

(ஒரு விஷயத்தை இடையில் சொல்லிவிடுகிறோம். இந்தக் கணக்கெல்லாம் கிளினிக், பள்ளிக்கூடம், வங்கி போன்ற பயணங்களுக்கு. நெஞ்சுவலி, பிரசவ வலி, பாம்புக்கடி என்றால் பஸ்ஸுக்கு ஒரு நிமிடமும் நிற்காதீர்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தமிழிலும் பேசலாம். லயத்து எண், பிரிவின் பெயர், வண்டி எதுவரை வரலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.)

கொப்பியில் என்ன எழுதுவது

மனுவில் இந்தக் கணக்கு ஏற வேண்டுமானால் நமது தரிப்பிடத்து நேரங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். ஞாபகத்தில் இருப்பதை ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மேலே போட்ட எண்களும் விளங்குவதற்குப் போட்டவைதான், அவற்றை அப்படியே மனுவில் எழுத முடியாது. இரண்டு கிழமை, ஞாயிறு தவிர்த்து, காலை 5.30 முதல் 10 மணி வரையும், பின்னேரம் 2 மணி முதல் 6 மணி வரையும் ஒருவர் தரிப்பிடத்தில் இருந்து எழுத வேண்டும். பஸ் வந்த நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். ஏறத்தாழ ஆறரை என்று எழுத வேண்டாம், 6.27 என்றால் 6.27. வராத பஸ்ஸுக்கு "வரவில்லை" என்று எழுதுங்கள். அதை எழுதாமல் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், ஆனால் அந்தச் சொல்தான் கணக்கையே மாற்றும். நிரம்பி நிற்காமல் போன பஸ்ஸும் ஏற முடியாதவர்களுக்கு வராத பஸ்தான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்காக இருந்தால் தரிப்பிடத்தில் அந்த நேரம் நின்றவர்களையும் எண்ணச் சொல்லலாம். பஸ் இலக்கமோ, சாரதி பெயரோ, கொண்டக்டர் பெயரோ எழுத வேண்டாம். யாருக்கும் எதிராக முறைப்பாடு செய்ய நாம் போகவில்லை. அவர்களும் நம்மைப் போல நாள் சம்பளத்துக்கு ஓடுகிறவர்கள்.

எழுதி முடித்த பிறகு இடைவெளிகளைப் பார்த்து, பன்னிரண்டு பேர் கணக்கை நமது உண்மையான நேரங்களில் போட வேண்டும். ஒவ்வொரு இடைவெளியையும் அதாலேயே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த நேரத்தின் இரட்டிப்பால் வகுத்தாலும் அதே விடை வரும். நமது உதாரணத்தில் 100, 12,100, 100, 12,100. கூட்டினால் 24,400. 240இன் இரட்டிப்பு 480. வகுத்துப் பாருங்கள், அதே 51தான். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டு வழியிலும் செய்து சரிபார்க்கட்டும்.

மனு எங்கே போக வேண்டும் என்பதும் முக்கியம். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களின் பாதை அனுமதியும் நேரமும் மத்திய மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபையின் பொறுப்பு. இ.போ.ச. பஸ் என்றால் அந்தப் பஸ் கிளம்பும் டிப்போ. நமது பாதையில் இரண்டும் ஓடுவதால் இருவருக்கும் ஒரே கடிதத்தின் பிரதிகள் போக வேண்டும், ஒன்றை மட்டும் தள்ளிவிட்டு மற்றது அதன் பின்னாலேயே வந்தால் பலன் இல்லை. இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரே நேர அட்டவணையில் ஓடும் பாதைகள் நாட்டில் இருக்கின்றன. தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, வருமானம் குறைந்த கிராமப் பாதைகளுக்குக் கெமி செரிய, அதிகாலைக்கும் இரவுக்கும் நிசி செரிய, பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சிசு செரிய என்ற பெயர்களில் மானியச் சேவைகளை நடத்தி வந்திருக்கிறது. பள்ளிக்கூட பஸ் பற்றிக் கேட்பதற்கு அதிபரின் கடிதமும் வேண்டும், அதற்கு நாங்கள் பேசுகிறோம்.

இந்த முறை மனு ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. மேலே பன்னிரண்டு நாளின் நேரங்கள், நடுவில் கணக்கு, கீழே ஒரே ஒரு வேண்டுகோள்: இரண்டாவது பஸ்ஸைத் தள்ளி விடுங்கள். "மக்கள் பெரிதும் கஷ்டப்படுகின்றனர்" என்ற வசனத்தை எடுத்துவிட்டோம்.

கொப்பி மேற்பிரிவுப் பிள்ளைக் காம்பராவில் ஆணியில் தொங்குகிறது, பென்சிலும் கயிற்றில் கட்டியிருக்கிறோம். வரும் திங்கள் காலை முறையை எட்டாம் லயத்து இளைஞர்கள் ஏற்றிருக்கிறார்கள். பின்னேர முறைக்கு இன்னும் நாலு பேர் வேண்டும். விருப்பமானவர்கள் கொழுந்து நிறுக்கும்போது மடுவத்தில் பெயர் கொடுங்கள். கடிகாரம் இல்லாதவர்களுக்கு நலன்புரி அலுவலகச் சுவர்க் கடிகாரத்தை இரண்டு கிழமைக்கு இரவல் தருகிறோம்.